வஜீர் என்றால் மந்திரி

வேணு தம் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் ஒருநாளும் படி இறங்கியதில்லை. பூட்டுவது வடிவு, இழுப்பது அவர். ஒரு இழுப்பில் மனசு ஆறாது. இரண்டாவது இழுப்புக்குப் பிறகுதான் கைத்தடி விரியும். பூட்டோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். உப்பு டப்பா என்று அவள் எடுத்துக் கொடுத்தால் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். நீலச் சட்டை என்று நீட்டினால் காலருக்குள் அடையாளத்துக்குப் போட்டிருக்கும் நூல் முடிச்சைத் தேடுவார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் தடவித்தான் பார்க்க முடியும், அது வடிவுக்குத் தெரியாததல்ல. ஆனால் தடவிப் பார்ப்பது வேறு, நம்பாமல் பார்ப்பது வேறு. ஏழு வருஷம் கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு எந்த விரல் எதைத் தேடுகிறது என்று தெரியாமல் போகுமா?

வடிவுக்கு ஊர் அம்பாசமுத்திரம். வேணுவுக்கும் பூர்விகம் அந்தப் பக்கம்தான். அவருடைய அப்பா டெல்லிக்கு வந்து அரசாங்க வண்டி ஓட்டியதால் அவர் வளர்ந்ததெல்லாம் இங்கே. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. பார்வையற்றோர் பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் படித்ததும் இந்தியில்தான். இப்போது ஓர் அமைச்சகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் மணியோசை காதில் விழுகிற தூரத்தில், இரண்டாவது மாடியில் குவார்ட்டர்ஸ். சுற்றியுள்ள பிளாக்குகளில் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் வடிவுதான் இட்லிமாவு ஆட்டிக் கொடுக்கிறாள்.

மே மாத டெல்லியில் மாவு விற்பதும் பாம்பை வைத்துப் பிழைப்பதும் ஒன்று. கண்ணைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பினால் சட்டியை விட்டு வெளியே வந்து நிற்கும். அன்றைக்குப் பார்த்து விடிந்ததும் கரண்ட் போய்விட்டது. ஜன்னலில் காலையிலேயே அனல் அடித்தது. வடிவு ஃபிரிட்ஜைத் திறக்கவும் பயந்து, திறக்காமலிருக்கவும் பயந்து, அதன் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த மாவு நம்மள முந்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிரும் போலுக்கு."

"மாவு கெடக்கட்டும்ளா. ஜல்தி கெளம்பு. பலகைய எடுத்தியா?"

"எடுத்தாச்சு. மோருஞ்சோறும் வத்தலும் கட்டியாச்சு."

"காயெல்லாம்?"

"எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சு."

அவர் பைக்குள் கையை விட்டு, ஓட்டை போட்ட பலகையையும் முளை வைத்த காய்களையும் துழாவி எண்ணிய பிறகுதான் செருப்பைத் தேடினார். வடிவுக்குச் சுருக்கென்றது. வாசலுக்கு வந்து கதவைச் சாத்திப் பூட்டை மாட்டினாள். சாவியை எடுப்பதற்குள் வேணுவின் கை பூட்டை நோக்கி வந்தது. அவ்வளவுதான், பொறுக்கவில்லை அவளுக்கு.

"எதுக்கு இழுக்கிய? நான் பூட்டுனா பூட்டாதா? இன்னைக்கு அங்க போயி இவதான் எனக்குக் கண்ணுன்னு சொல்லப் போறிய. கண்ண நம்பாத மனுசனுக்குக் கண்ணு எதுக்கு? தடியே போதும்லா?"

வேணுவின் கை அந்தரத்தில் நின்றது. அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"சரி தாயி. இழுக்கல. போதுமா?"

சொன்னபடியே இழுக்காமல் தடியை விரித்துத் தட்டித் தட்டிப் படியிறங்கிப் போனார். ஏழு வருஷத்தில் முதல் தடவை. ஜெயித்தவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வடிவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் பூட்டு அல்ல, அன்றைய ஆட்டம். அமைச்சகத்துச் சதுரங்க அணிக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு வேணு இன்றைக்குத் தோற்காமல் இருந்தால் போதும், அரைப் புள்ளி கிடைத்தாலும் இடம் அவருடையது. பார்வையில்லாத ஆட்டக்காரருக்கு ஓர் உதவியாள் உண்டு. இவர் வாயால் சொல்லும் காயை எதிராளியின் பலகையில் நகர்த்திவைப்பது அந்த ஆளின் வேலை. முதலில் பல வருஷம் கூட வேலை பார்த்த அருள்ராஜ் அதைச் செய்தார். "அருள்ராஜ் என் கண்ணு" என்று வேணு ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அருள்ராஜுக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. அதன்பின் வந்தவர்கள் ஒருவர் தூங்கினார், ஒருவர் கட்டத்தை மாற்றி வைத்துச் சண்டை இழுத்தார். மனமகிழ் மன்றச் செயலாளர் சௌத்ரி போன வருஷம் வேணுவின் பெயரையே அடித்துவிட்டார். இந்த வருஷம் கெஞ்சிக் கூத்தாடியதில், "இது கடைசி. இன்னொரு தடவை உதவியாளால் ஜக்டா வந்தால் உங்கள் பெயர் இந்த மன்றத்தில் இருக்காது" என்று இந்தியில் எச்சரித்து விட்டிருக்கிறார். ஜக்டா என்றால் தகராறு. வேறு ஆள் கிடைக்காமல்தான் வடிவு. கிடைத்திருந்தால் அவளைக் கூப்பிட்டிருப்பாரா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வடிவுக்குக் காய்கள் தெரியும். அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் மழைக்கால விளையாட்டுப் பீரியடில் கற்றுக்கொண்டது. ராஜா, ராணி, இரண்டுக்கும் அக்கம்பக்கத்தில் கூர்த்தொப்பி வைத்த மந்திரிகள், குதிரை, யானை, சிப்பாய். வேணுவும் அவளுக்காக அந்தப் பெயர்களையே சொல்லி வீட்டில் பழக்கியிருந்தார். அவருக்குப் பிடித்த திறப்பு பெட்ராஃப். வடிவு அதற்கு வைத்த பெயர் கண்ணாடி ஆட்டம்.

"அவன் சிப்பாயத் தள்ளுனா நாமளும் தள்ளணும். அவன் குதிரைய எடுத்தா நாமளும் எடுக்கணும்" என்று வேணு சொல்லிக்கொடுத்தார். "ஆனா அவன் குதிரை நம்ம சிப்பாய வெட்டுனா மட்டும் ஒடனே நாமளும் வெட்டிரப்பிடாது. மொதல்ல அவன் குதிரைய வெரட்டணும். பெறவுதான் வெட்டணும்."

"வெட்டுனா என்ன?"

"வெட்டலாம். ஆனா கத்தி மேல நடக்கணும். ஒரு அடி பெசகுனா தீந்துது."

ஆட்டக்கூடத்தில் ஒரு பெரிய கூலர் ஓடிக்கொண்டிருந்தது. காற்றைக் காட்டிலும் சத்தம் அதிகம், மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி. ஏழெட்டு மேசைகள். வேணுவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் அணியில் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்ட இளவட்டம், ப்ரணவ் என்று பெயர். பக்கத்து மேசைக்காரனிடம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆளு எப்படி இருக்கான்?" என்று வேணு கேட்டார்.

"சின்னப் பயதான். மூக்குதான் முருங்கக்கா நீளத்துக்கு இருக்கு."

அந்தப் பையன் தன் மூக்கை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வடிவு அதைக் கவனித்தாள், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை. வேணு சிரிப்பதற்குள் சௌத்ரி வந்துவிட்டார். அன்றைக்கு நடுவரும் அவர்தான்.

"பெஹன்ஜி, யே கௌன் ஸி பாஷா ஹை?"

இது என்ன பாஷை என்று கேட்கிறார். தமிழ் என்று வேணு சொன்னார். சௌத்ரி தலையை ஆட்டினார். ஆட்டம் நடக்கும்போது உதவியாள் பேசுவது எல்லாருக்கும் புரிய வேண்டும், யோசனை சொல்கிறார் என்று நாளைக்கு ஒருவன் புகார் கொடுத்தால் யார் பதில் சொல்வது? இந்தி, இல்லை ஆங்கிலம். மூன்றாவது பாஷை கூடாது. சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வேணுவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "இது என்ன புதுசா? அருள்ராஜ் இங்கிலீஷ்ல பேசுவான், ஒருத்தனும் கேட்டதில்ல." கொஞ்சம் யோசித்தார். "சரி, நான் ஹிந்தில சொல்லுதேன். சப்ஜிக்காரன்ட்ட சண்ட போடுத ஹிந்தி உன்ட்ட இருக்குல்லா, அது போதும்."

"அதெல்லாம் வெளுத்துக் கட்டிருவேன். நீங்க பதறாதிய."

உப்பைக்கூடத் தொட்டுப் பார்க்கிற மனுஷன், இந்தியில் எந்தக் காய்க்கு என்ன பெயர் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. கடிகாரத்தை அழுத்திவிட்டார்கள்.

ப்ரணவ் வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். வேணு, "பியாதா, ஈ-பாஞ்ச்" என்றார். சிப்பாய், எதிர்க்கட்டம். வடிவு நகர்த்தினாள். அவன் குதிரையை எடுத்தான். "கோடா" என்றார் வேணு, அவளும் குதிரையை எடுத்தாள். சப்ஜிக்காரனிடம் காய்கறி பேரம் பேசுகிற இந்தியே தாராளம்தான் போல என்று அவளுக்குத் தெம்பு வந்தது. அவன் குதிரை இவர் சிப்பாயை வெட்டியது. இப்போது விரட்டுவார் என்று வடிவு எதிர்பார்த்தாள். வேணு விரட்டவில்லை. பாஷைச் சண்டையில் மனசு கலைந்திருந்ததோ, காலைக் கோபம் அடங்கவில்லையோ, "கோடா மாரே பியாதா" என்று உடனே வெட்டிவிட்டார். கத்தி மேல் ஏறிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே வடிவு குதிரையை வைத்தாள்.

"குயீன், ஈ-டூ" என்று ப்ரணவ் ராணியைக் குதிரைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினான்.

வேணு தம் பலகையைத் தடவினார். மின்விசிறி வேகத்தில் விரல்கள் ஓடின. பிறகு நிம்மதியாக மூச்சு விட்டுச் சொன்னார்.

"வஜீர், ஈ-சாத்."

வஜீர். வடிவு ஒரு கணம் யோசித்தாள். தினம் டிவியில் ஓடுகிற இந்தித் தொடரில் பாதுஷாவுக்குப் பக்கத்தில் தாடி வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் வஜீர். வஜீர் என்றால் மந்திரி. ராணி இந்தியிலும் ராணிதானே, ராணியாக இருந்தால் ராணி என்றல்லவா சொல்லியிருப்பார்? ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற கூர்த்தொப்பியை எடுத்து, ராஜாவுக்கு முன்னால் ஏழாம் கட்டத்தில் அழகாக வைத்தாள்.

வேணு தம் பலகையில் ராணியை எடுத்து அதே கட்டத்தில் குத்தினார்.

ப்ரணவ் நிமிர்ந்து வடிவைப் பார்த்தான். வேணுவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாய் எடுத்தவன் போலிருந்தது. பிறகு குனிந்து, "குயீன் டேக்ஸ் ஈ-ஃபோர்" என்று குதிரையை எடுத்துக்கொண்டான்.

ஒரு குதிரை சும்மா போயிற்று. வடிவுக்கு நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினாள். உதவியாள் வாய் திறக்கக் கூடாது. வேணுவோ பதறவே இல்லை. "பியாதா, டீ-சே" என்று அவன் குதிரையை ஒரு சிப்பாயால் விரட்டினார். வீட்டில் இந்நேரம் மாவு வழிந்திருக்கும், இங்கே குதிரை போய்விட்டது, இந்த மனுஷர் என்னடாவென்றால் தொடையில் தாளம் போடுகிறார் என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ப்ரணவ் குதிரையைப் பின்னுக்கு இழுத்தான். வேணுவின் முகம் மலர்ந்தது. அடுத்த மேசைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"வஜீர் மாரே வஜீர்! ஈ-சார்!"

வஜீர் போய் வஜீரை வெட்ட வேண்டும், நாலாம் கட்டத்தில். வடிவு பலகையைப் பார்த்தாள். கூர்த்தொப்பியைப் பார்த்தாள். தமிழ் தானாக வந்தது.

"ஏங்க, அது அங்க போவாதே."

"ஏன் போவாது? நேர் கோடு. நடுவுல ஒருத்தன் இல்ல."

"மந்திரி நேராப் போவாதுல்லா?"

"மந்திரி எங்களா நடுவுல வந்தாரு? நான் வஜீரச் சொல்லுதேன்."

"நானும் வஜீரத்தான் சொல்லுதேன்."

"வஜீர எடுத்து அவன் வஜீர வெட்டுளா!"

"வஜீரால வெட்ட முடியாதுங்கேன், கேக்க மாட்டக்கிய!"

"கண்ணு இருந்தும் குருடியா நீ!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கூலர் மட்டும் அதுபாட்டுக்கு மேடு ஏறிக்கொண்டிருந்தது. வடிவுக்கு முகம் எரிந்தது. அந்த வார்த்தையை அவள் ஒருநாளும் அவரைப் பார்த்துச் சொன்னதில்லை.

சௌத்ரி வந்து கடிகாரத்தை நிறுத்தினார். இரண்டு பலகைகளையும் பார்த்தார். ஒன்றில் ராணி இருக்கும் கட்டத்தில் இன்னொன்றில் கூர்த்தொப்பி. நாலாவது நகர்த்தலுக்கு என்ன சொன்னீர்கள் என்று வேணுவை இந்தியில் கேட்டார். வஜீர் என்றார் வேணு.

"யஹாங் தோ ஊண்ட் ஹை" என்று சௌத்ரி கூர்த்தொப்பியின் தலையில் விரலை வைத்தார். இங்கே ஒட்டகமல்லவா நிற்கிறது?

ஒட்டகமா! வடிவு அந்தக் காயை உற்றுப் பார்த்தாள். இந்த ஊரில் மந்திரியை ஒட்டகமாக்கி, ராணியை மந்திரியாக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது.

சௌத்ரி பக்கத்து மேசைக்காரர்களைக் கேட்டார். கூலர் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்கவில்லை. ப்ரணவ் தலை நிமிரவில்லை. அப்படியானால் பலகையில் இருப்பதுதான் கணக்கு, வேணுவுக்கு வாய் தவறியிருக்கும், ஒரு குதிரை குறைவோடு ஆடட்டும் என்றார் சௌத்ரி.

"ஊண்ட்னு சொல்லிட்டேனோ?" என்று வேணு முணுமுணுத்தார். "வஜீர்னுதான் நெனச்சேன். வாய் பெசகிட்டோ?"

ஊரில் உள்ள ஒருவரையும் நம்பாதவர், அந்த நேரத்தில் தம் நாக்கையே நம்பாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தன. எதையும் தேடாத அந்தக் கைகளைப் பார்க்க வடிவுக்குத் தாங்கவில்லை. இப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பு அவருடையது என்றாகிவிடும், அவளை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குருடி என்றதற்கு அதுவே சரியான கூலி. வாயைத் திறந்தால் உதவியாளால் தகராறு, மன்றத்தில் பெயரே இல்லாமல் போகும். எப்படிப் போனாலும் போகிறது இடம்தான். ஆனால் பேசாமலிருந்தால் இடத்தோடு அவருடைய நாக்கும் போகும். இனி தாம் சொன்னதைத் தாமே தடவிப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

"சாப், கல்தி மேரி ஹை" என்றாள் வடிவு, எழுந்து நின்று. தப்பு என்னுடையது. "இன்ஹோனே வஜீர் ஹி போலா." இவர் வஜீர் என்றுதான் சொன்னார்.

தனக்குத் தெரிந்த காய்கறி இந்தியில் அவள் சொல்லி முடித்தாள். எங்கள் ஊரில் இதற்குத்தான் மந்திரி என்று பெயர். வஜீர் என்றால் மந்திரிதானே? அதனால் மந்திரியை எடுத்து வைத்தேன். என்னை வெளியே அனுப்புங்கள், அவரை ஆட விடுங்கள்.

சௌத்ரி கூர்த்தொப்பியைப் பார்த்தார். "வஜீர் மானே மந்திரி" என்று தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார். "பாத் தோ சஹி ஹை." சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சம்சாரம் புருஷனுக்குச் சாட்சி சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வது என்று தாடையைச் சொறிந்தார்.

"சார், மைனே சுனா தா" என்றான் ப்ரணவ். நான் கேட்டேன், வஜீர் என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு வடிவின் பக்கம் திரும்பினான். "சாரி ஆன்ட்டி. நான் அப்பவே சொல்லியிருக்கணும். ஃப்ரீயா குதிரை கிடைச்சுதா, சும்மா இருந்துட்டேன். எங்காத்துல அப்பா பிஷப்பை மந்திரின்னுதான் சொல்லுவா. நீங்க அதை எடுத்தப்பவே எனக்குப் புரிஞ்சுடுத்து."

"நீ தமிழா!"

"படிக்க வராது. பேசினா, முருங்கைக்காய் வரைக்கும் புரியும்."

வடிவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. வேணுவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, துடைத்துக்கொண்டு சௌத்ரி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சாப், எதிராளிக்கே தமிழ் தெரியும்ங்கும்போது, தமிழ்லயே ஆடிக்கிடலாமா?" என்று இந்தியில் கேட்டார். "ஆளை மாத்த வேண்டாம். இவளே இருக்கட்டும்."

சௌத்ரி யோசித்தார். நாலாவது நகர்த்தலிலிருந்து தமிழிலேயே திரும்ப ஆடச் சொன்னார். வேணுவின் கடிகாரத்தில் கொஞ்ச நேரத்தைக் கழித்தார். வடிவு பயந்து பயந்து, அந்த ஜக்டா விஷயம் என்று இழுத்தாள்.

"ஜக்டா நஹீங்" என்றார் அவர். "அனுவாத் ஹை." தகராறு இல்லை, மொழிபெயர்ப்பு.

வடிவு உட்கார்ந்தாள்.

"ராணி. ஈ-ஏழு" என்றார் வேணு, நிறுத்தி நிதானமாக.

அதன்பின் நடந்தது நீண்ட இழுபறி. போன குதிரைக்குப் பதில் குதிரை கிடைத்தது, ஆனால் ஒரு சிப்பாய் போயிற்று. ராணிகள் வெட்டுப்பட்டன, யானைகள் போயின. வெளியே வானம் மஞ்சளாகிப் புழுதிக்காற்று ஜன்னலில் மோதியது, கரண்ட் போய்க் கூலர் நின்றது. அந்த அமைதியில் வேணு சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது. அவர் சொல்லச் சொல்ல வடிவு நகர்த்தினாள், வேர்வையைத் துடைக்கக்கூடக் கையை வேறெங்கும் கொண்டுபோகவில்லை. கடைசியில் ராஜாக்களும் கொஞ்சம் சிப்பாய்களும், ஆளுக்கு ஒரு மந்திரியும் மிஞ்சின. அவனுடைய மந்திரி வெள்ளைக் கட்டத்தில் மட்டும் போகும், இவருடையது கறுப்பில் மட்டும். இரண்டும் ஜென்மத்துக்கும் சந்திக்கப்போவதில்லை. ஒரு சிப்பாய் கூட இருந்தும் ப்ரணவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "டிரா பண்ணிக்கலாமா அங்கிள்?" என்றான்.

"கை நீட்டுதாரு" என்றாள் வடிவு.

வேணு தம் பலகையின் விளிம்பில் விரலை வைத்திருந்தார். ஒவ்வொரு காயையும் தடவாமல் அவர் எந்த ஆட்டத்தையும் முடித்ததில்லை.

"ரெண்டு பலகையும் ஒண்ணுபோல இருக்கா?"

"இருக்கு."

அவர் தடவவில்லை. பலகையிலிருந்து கையை எடுத்து நேரே நீட்டினார். ப்ரணவின் கை வந்து சேர்ந்தது. அரைப் புள்ளி. நாலாவது இடம் கிடைத்துவிட்டது. வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

பஸ்ஸில் வரும்போது இருவரும் மோருஞ்சோற்றைச் சாப்பிட்டார்கள். சோறு புளித்துப்போயிருந்தது, இருந்தும் வேணு மிச்சம் வைக்கவில்லை.

"குருடின்னு சொன்னது தப்புளா" என்றார், வத்தலைக் கடித்துக்கொண்டே.

"தப்புதான்" என்றாள் அவள். "அதுக்குன்னு விட்டுருவேனா? ஊருக்குப் போனதும் உங்க அக்காட்ட சொல்லித்தான் தீருவேன்."

"சொல்லு. ஒட்டகக் கதையயும் சேத்துச் சொல்லு."

படியேறும்போது வடிவுக்கு உடம்பு காற்றாக இருந்தது. ஏழு வருஷம் கழித்து, ஒரே நாளில் இரண்டு தடவை அவர் தடவிப் பார்க்காமல் விட்டிருக்கிறார். சாவியை எடுத்துக்கொண்டு கடைசிப் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பூட்டு வாயைப் பிளந்துகொண்டு கொண்டியில் தொங்கியது.

காலையில் சண்டை போட்ட வேகத்தில் மாட்டியவள் பூட்டவே இல்லை. பகல் முழுக்க வீடு திறந்து கிடந்திருக்கிறது. கதவிடுக்கின் அடியிலிருந்து மாவு மெல்ல வழிந்து வாசல்வரை வந்திருந்தது. வேறு யாரும் உள்ளே போன சுவடு இல்லை.

வேணு பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரிய வழியில்லை. சாவியைப் பூட்டுக்குள் விட்டு ஒரு திருப்புத் திருப்பினால் போதும், சத்தம் கேட்கும். அதோடு முடிந்தது கதை. சொன்னாலோ, ஆயுசுக்கும் இரண்டு இழுப்பு மூன்று இழுப்பாகிவிடும். சாவி அவள் கையில் வேர்த்தது.

"என்னளா நின்னுட்ட?"

வடிவு சாவியை இடுப்பில் செருகினாள்.

"பூட்டு தொறந்து கெடக்கு" என்றாள். "காலைல நான் பூட்டல."

வேணு முன்னால் வந்து கையை நீட்டினார். பூட்டைக் கண்டுபிடித்தார், அதன் திறந்த வாயில் விரலை விட்டுப் பார்த்தார். அவருடைய தோள் மறுபடியும் குலுங்கத் தொடங்கியது.

"வீட்டப் பூட்டச் சொன்னா எந்த மந்திரி வீட்டப் பூட்டிட்டு வந்தே?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது. வேணு கொண்டியிலிருந்து பூட்டைக் கழற்றி, தடவித் தடவி அவள் உள்ளங்கையைத் தேடி அதில் வைத்து மூடினார்.

"நாளையிலேர்ந்து நீயே பூட்டு, நீயே இழுத்துப் பாரு" என்றார். "எனக்கு ஆட்டம் இருக்கு."